ஐஸ் வாளி வாங்கப் போறீங்களா, மஞ்சப்பையில ஒரு காலி பாட்டில் எடுத்துட்டுப் போங்க

எங்க ஊரு திருமலைராயன்பட்டினம், காரைக்கால்லேர்ந்து தெக்கால நாகூர் போற ரோட்டுல இருக்கு. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள்ல யாராச்சும் ஒருத்தர் பிரான்ஸ்ல இருக்கறது சாதாரணம். எங்க பெரியப்பா மவனும் அப்படித்தான், பாரிஸ் பக்கத்துல இருக்காரு, ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுக்கு முடிஞ்ச வருஷமெல்லாம் வந்துடுவாரு. வரும்போது பெட்டியில ரெண்டு பாட்டில் இருக்கும், ஒண்ணு ஷாம்பெய்ன், இன்னொண்ணு வெள்ளை ஒயின். திருவிழா நாள்ல எங்க வீட்ல சுத்த சைவம், அந்தப் பெட்டிப் பக்கமே யாரும் போக மாட்டோம், அதெல்லாம் முடிஞ்சு அடுத்த வாரம் மொட்டை மாடியில உக்காரும்போதுதான் பாட்டில் வெளிய வரும்.

ஒரு வருஷம் அந்த ஷாம்பெய்ன சீக்கிரம் குளுர வைக்கறேன்னு நான் ஃப்ரீசர்ல படுக்கப் போட்டுட்டு, கரண்டு போயி, ஜெனரேட்டர் வச்சு, பேச்சு சுவாரசியத்துல மறந்தே போயிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ்கிரீம் எடுக்கப் போன அண்ணிதான் கத்துனாங்க. கார்க் வெளிய தள்ளி, பாதி ஒயின் பனிக்கட்டி சேறு மாதிரி பச்சைப் பட்டாணி பாக்கெட் மேல ஊத்தியிருக்கு. தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், ஒயின்லயும் பெரும்பாகம் தண்ணிதான, மைனஸ் 5, 6 டிகிரிக்குப் போனா உறைய ஆரம்பிச்சிடும், வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. பாட்டில் வெடிக்காம கார்க்கோட போனது புண்ணியம். அண்ணன் ஒண்ணும் சொல்லல, "ஏன்டா, ஒரு வாளி வாங்கக் கூடாதா" அப்படின்னாரு, அவ்ளோதான்.

அதுலேர்ந்து நான் மூணு வாளி வாங்கியிருக்கேன், அதுல ரெண்டு தப்பு. நீங்க அந்த ரெண்டையும் வாங்காம இருக்கத்தான் இத எழுதுறேன். ஒயின் குடிக்கிற பழக்கமே இல்லாதவங்களும் படிக்கலாம், ஏன்னா எங்க வீட்ல அந்த வாளி வருஷத்துல ரெண்டு நாள்தான் ஒயினுக்கு, மத்த நாளெல்லாம் பன்னீர் சோடாவுக்கும் நன்னாரிக்கும் மோருக்கும்தான்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்குங்க. கடையில ஐஸ் பக்கெட்னு கேட்டா அவங்க எடுத்துக் காட்டுறது பெரும்பாலும் சின்னதா மூடி போட்டது, ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டர் கொள்ளும், கூட ஒரு இடுக்கி இருக்கும். அது கிளாஸ்ல போடற ஐஸ் கட்டிய வச்சுக்கறதுக்கு. பாட்டில குளுர வைக்கற வாளி வேற, அது உசரமா, மூடி இல்லாம, வாய் அகலமா இருக்கும். நான் மொதல்ல வாங்குனது அந்தச் சின்னது. பளபளன்னு இருந்துச்சா, விசேஷத்துக்கு வைக்க அழகா இருக்குமேன்னு வாங்கிட்டு வந்து பாட்டில உள்ள வச்சா, கிணத்துல ஒட்டகம் எட்டிப் பாக்குற மாதிரி முக்கால் பாட்டில் வெளிய நிக்கிது, கைய எடுத்தா வாளியோட சேந்து சாயுது. பாட்டிலோட பாதம் மட்டும் சில்லுனு இருந்துச்சு, மேல இருக்கறது மாடி வெயில் சூட்டுலயே இருந்துச்சு.

அதனால ரெண்டு வேலைக்கு ரெண்டு பாத்திரம்னு மனசுல வச்சுக்குங்க. அதுல சுத்தம் சம்பந்தமான விஷயமும் இருக்கு. பாட்டில் எங்கெங்கயோ அட்டைப் பெட்டியில, குடோன்ல, லாரியில கெடந்து வருது, அத முக்கி வச்ச ஐஸ்லேர்ந்தே எடுத்து கிளாஸ்ல போடறத நான் நெறைய கல்யாண ரிசப்ஷன்ல பாத்திருக்கேன், வேண்டாங்க அது.

இப்ப அளவு. எங்க தாத்தா எதுக்குமே டேப்பு எடுக்க மாட்டாரு, சாண், முழம், விரக்கடைதான், இந்த வாளிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துது. சாதாரண ஒயின் பாட்டில் 750 மில்லி, உசரம் சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கு மேல இன்னும் கொஞ்சம். அகலம் ஏழரை சென்டிமீட்டர், நாலு விரக்கடை. ஷாம்பெய்ன் பாட்டில் தடியா இருக்கும், கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர், அஞ்சு விரக்கடை போட்டுக்குங்க. பாட்டிலோட தோள்பட்டை வரைக்கும், அதாவது ஒயின் எங்க வரைக்கும் நிக்கிதோ ஏறக்குறைய அது வரைக்கும், தண்ணி ஏறணும். அதுக்கு வாளியோட உள் ஆழம் 20லேர்ந்து 23 சென்டிமீட்டர் வேணும், அது ஒரு சாண். வாய் அகலம் 18லேர்ந்து 20 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கொறச்சல். இப்படி இருந்தா 5லேர்ந்து 6 லிட்டர் கொள்ளும், ஒரு பாட்டிலுக்கு அதுதான் சரியான வாளி, ரெண்டு பாட்டில் சேத்து வைக்கணும்னா நீளவாக்குல முட்டை வடிவத்துல வர்றது பாருங்க.

ஆழம்னு நான் சொல்றது உள் ஆழம். வெளிய ஒரு சாண் இருக்கும், உள்ள பாத்தா அடியில பீடம் மாதிரி தூக்கி விட்டு, ரெட்டைச் சுவருக்கு எடம் போயி, நாலு சென்டிமீட்டர் கொறஞ்சிருக்கும். அதான் பாட்டில் எடுத்துட்டுப் போங்கன்னு தலைப்புலயே சொன்னேன். நான் மூணாவது வாளிக்கு கும்பகோணம் போனேன், பாத்திரம்னா எங்களுக்கு கும்பகோணம்தான், எவ்ளோ ஆன்லைன் வந்தாலும் அந்தப் பெரிய கடைத் தெருவுல நாலு கடை ஏறி இறங்குனாத்தான் பாத்திரம் வாங்குன மாதிரி இருக்கும். மஞ்சப்பையில கழுவித் தொடச்ச காலி ஷாம்பெய்ன் பாட்டில். கல்லாவுல இருந்த பெரியவர், நெத்தி நெறைய விபூதி, நான் பாட்டில வெளிய எடுத்ததும் அப்படியே பாத்தாரு பாருங்க. "தம்பி, இது பாத்திரக் கட" அப்படின்னாரு. விஷயத்த சொன்னதும் அவரே எழுந்து வந்து ஒவ்வொரு வாளியா எறக்கி வச்சு, பாட்டில உள்ள விட்டுப் பாத்து, "இது கழுத்து நீட்டுது, இது சரியா இருக்கு, இதுல ஐஸ் போட எடம் எங்க இருக்கு" அப்படின்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. பாட்டிலச் சுத்தி நாலு பக்கமும் மூணு விரல் நுழையணும், அந்த எடந்தான் ஐஸுக்கு. பாட்டில் கொண்டு போகக் கூச்சமா இருந்தா பேப்பர சுருட்டி அதே அகலத்துக்கு, அதே உசரத்துக்கு ஒரு குழா பண்ணி எடுத்துட்டுப் போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது எந்த உலோகம், எந்தச் சுவர். இங்கதான் நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு. கடலோரம், காத்துல ஈரம் எப்பவுமே ஜாஸ்தி. ஒத்தைச் சுவர் எவர்சில்வர் வாளியில ஐஸ் போட்ட ரெண்டாவது நிமிஷமே வெளிப்பக்கம் வேர்த்து ஊத்தும். வாளி ஓட்டைன்னு நெனச்சு எங்க சித்தப்பா ஒரு தடவ அத திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஓட்டை இல்ல, காத்துல இருக்கற ஈரம் சில்லுனு இருக்கற சுவத்துல பட்டு தண்ணியா மாறி எறங்குது. அது தேக்கு மேசையில வட்டமா கறை போடும், மொசைக் தரையில விழுந்தா யாராச்சும் வழுக்கி விழுவாங்க. அதுக்கு மேல, தண்ணி அப்படிப் படியும்போதே தன்னோட சூட்ட சுவத்துக்குக் குடுத்துட்டுத்தான் படியும், அதனால உள்ள ஐஸும் சீக்கிரம் கரையும். எங்க பக்கத்துக்கு ரெட்டைச் சுவர்தான் சரி. ரெட்டைச் சுவர்லயும் நடுவுல சும்மா காத்து அடைச்சு வர்றது ஒண்ணு, காத்த உறிஞ்சி எடுத்த வேக்குவம் ஒண்ணு. வேக்குவம்தான் நல்லா நிக்கும், வெலை கூட. கடைக்காரர் வேக்குவம்னு சொன்னா ஒரு சொம்பு சுடுதண்ணி கேட்டு உள்ள ஊத்தி அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு வெளிய கை வச்சுப் பாருங்க, வெளிச்சுவர் வெதுவெதுன்னு ஏறுனா அது வேக்குவம் இல்ல. சுடுதண்ணி கெடைக்காட்டி பக்கத்து டீக்கடையில வாங்கிக்கலாம், நான் அப்படித்தான் செஞ்சேன், டீ மாஸ்டர் காசு வாங்கல.

ஒத்தைச் சுவர் வாளி ஏற்கெனவே வீட்ல இருந்தா தூக்கிப் போட வேணாம். அடியில ஒரு தாம்பாளம் வைங்க, கல்யாணத்துக்கு வந்த தாம்பாளம் எல்லார் வீட்லயும் பரண்ல நாலு கெடக்கும், அதுக்கு மேல ஒரு காசித்துண்ட நாலா மடிச்சுப் போட்டு வாளிய வைங்க, வேர்வை எல்லாம் அதுல நின்னுடும்.

எவர்சில்வர்னா 304, 202னு நம்பர் சொல்லுவாங்க. 304ல நிக்கல் ஜாஸ்தி, உப்புக்கும் புளிப்புக்கும் தாங்கும். 202 வெலை கம்மி, கடற்காத்துக்கே கொஞ்ச நாள்ல புள்ளி புள்ளியா துரு காட்டும். சில பேர் காந்தம் வச்சுப் பாத்து கண்டுபிடிக்கலாம்பாங்க, அது பாதி உண்மை. காந்தம் பட்டுனு நல்லா ஒட்டுச்சுன்னா அது ரெண்டும் இல்ல, வேற மலிவு ரகம். ஆனா ஒட்டலைன்னா அது 304னு அர்த்தம் ஆகாது, 202லயும்தான் ஒட்டாது. பாத்திரத்து அடியில நம்பர் அடிச்சிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கடைக்காரர் மேல உங்களுக்கு இருக்கற நம்பிக்கைதான்.

என்னோட ரெண்டாவது தப்பு பித்தளை. பித்தளைன்னா நமக்கெல்லாம் ஒரு கிறுக்கு இருக்குல்ல, காபி டவரா பித்தளை, பில்டர் பித்தளை, குத்துவிளக்கு நாச்சியார்கோவில், அந்த மயக்கத்துல ஒரு பித்தளை வாளி, சுத்தியடிச்ச புள்ளி வேலைப்பாட்டோட. அழகு கொள்ளை அழகுதான். ஆனா உள்ள ஈயம் பூசல. எங்க அண்ணி அதுல ஐஸ போட்டு எலுமிச்சம்பழத்தையும் வெட்டிப் போட்டு வச்சுட்டாங்க, கொஞ்ச நேரத்துல ஓரமா பச்சையா களிம்பு. ஈயம் பூசாத பித்தளையிலயும் செம்புலயும் புளிப்பு படக் கூடாதுன்னு நம்ம பாட்டிமாருக்கெல்லாம் தெரியும், புதுசா வாங்குற நமக்குத்தான் மறந்து போவுது. பாட்டில் முக்கி வைக்க மட்டும்னா பித்தளை, செம்பு ரெண்டுமே பரவால்ல, அந்தத் தண்ணிய யாரும் குடிக்கப் போறதில்ல. கிளாஸ்ல போடற ஐஸுன்னா உள்பக்கம் எவர்சில்வர் இருக்கணும், இல்ல ஈயம் பூசியிருக்கணும். கடலோர வீடுன்னா வாரம் ஒரு தடவ புளி போட்டுத் தேய்க்க ஆள் இருக்கான்னும் யோசிச்சுக்குங்க, எங்க வீட்ல இல்ல, அதனால அந்த வாளியில இப்ப துளசிச் செடி இருக்கு.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். அக்ரிலிக் வாளி லேசு, வெலை கம்மி, உள்ள பாட்டில் தெரியும், மொட்டை மாடி விருந்துக்கு ஓகே, ஆனா கீறல் விழும், சுடுதண்ணி ஊத்திக் கழுவுனா விரிசல் விடும். அலுமினியம் லேசு, உப்பும் புளிப்பும் ஆகாது. கண்ணாடி வாளி, வேணவே வேணாம், புள்ளைங்க ஓடற வீட்ல. மண்ணுல ஒயின் கூலர்னு ஒண்ணு வருது, ஊற வச்சு எடுத்து உள்ள பாட்டில வைக்கறது, நம்ம பானைத் தண்ணி தத்துவந்தான், வெளிய ஈரம் ஆவியாகும்போது குளுரும். வறண்ட ஊர்ல நல்லா வேலை செய்யும், காரைக்கால் ஈரக் காத்துல ஆவியாகுறதே கம்மி, அதனால ஏற்கெனவே குளுந்த பாட்டில கொஞ்ச நேரம் அப்படியே வச்சுக்க வேணா உதவும்.

கைப்பிடிய சாதாரணமா நெனைக்காதீங்க. ஐஸ் ரெண்டு கிலோ, தண்ணி ஒன்றரை லிட்டர், ஷாம்பெய்ன் பாட்டில் ஒயினோட ஒன்றரை கிலோவுக்கு மேல, வாளி ஒரு கிலோ, ஆக ஆறு கிலோவத் தூக்கிட்டு மாடிப்படி ஏறணும், அதுவும் ஈரக் கையோட. ரெண்டு பக்கமும் காது மாதிரி கெட்டியான பிடி, ரிவிட் அடிச்சதோ முழுசா வெல்டிங் பண்ணதோ பாருங்க. சும்மா ரெண்டு பொட்டு வச்சு ஒட்டுன பிடி, சின்னக் குமிழ், தொங்கற வளையம் இதெல்லாம் காலி வாளிக்குத்தான். கடையிலயே ரெண்டு பிடியயும் புடிச்சு லேசா இழுத்துப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா கீழ வச்சுடுங்க.

அப்பறம் பேர் வெட்டறது. நம்மாளுங்க பாத்திரம் வாங்குனா பேர் வெட்டாம வீட்டுக்குக் கொண்டு வர மாட்டோம், கடைப் பையன் கையில மெஷினோட ரெடியா நிப்பான். வேக்குவம் வாளிக்கு மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. வெளிச்சுவர் மெல்லிசு, ஊசி அளவு ஓட்டை விழுந்தாலும் வேக்குவம் போயிடும், அப்பறம் அது காத்தடைச்ச வாளிதான். பேர் கட்டாயம் வேணும்னா பெயின்ட்ல எழுதிக்குங்க, எங்கம்மா செவப்பு நெயில் பாலிஷ்ல எழுதியிருக்காங்க.

சின்ன ஐஸ் பக்கெட்டுக்கு மூணு விஷயம் பாத்தா போதும். மூடி இருக்கணும், எங்க பக்கம் மாங்காய் சீசன்ல ஈ என்ன பாடு படுத்தும்னு தெரியும்ல. உள்ள ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு இருக்கணும், கரைஞ்ச தண்ணி கீழ எறங்கிடும், ஐஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது. இடுக்கி பல்லு வச்சதா இருக்கணும், வழவழன்னு இருந்தா ஐஸ் எகிறி மாமனார் மடியில விழும். இடுக்கி இல்லைன்னா கரண்டி வைங்க, ஆனா யாரும் கிளாஸ விட்டு ஐஸ அள்ள விடாதீங்க, கிளாஸ் ஓரம் உடைஞ்சு உள்ள விழுந்தா ஐஸுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசமே தெரியாது. அப்படி ஒடஞ்சா தேடிப் பாக்கற வேலையே வேணாம், மொத்த ஐஸையும் கொட்டிடுங்க.

சரி, வாளி வந்தாச்சு, எப்படிப் பயன்படுத்தறது. பெரும்பாலானவங்க வாளி நெறைய ஐஸ் மட்டும் ரொப்பி அதுல பாட்டில சொருகுவாங்க, போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும். ஐஸ் கட்டி பாட்டில அங்கங்க ஒரு முனையிலதான் தொடும், மீதி எடமெல்லாம் காத்து. காத்தவிட தண்ணி இருபது மடங்குக்கு மேல சூட்டக் கடத்தும், அதனால ஐஸோட தண்ணியும் ஊத்துனாத்தான் பாட்டில் முழுக்க சுத்தி வளைச்சு குளுர் புடிக்கும். மொதல்ல பாட்டில நிறுத்துங்க, சுத்தி ஐஸ முக்கா அளவு போடுங்க, அப்பறம் தண்ணிய பாட்டிலோட தோள் வரைக்கும் ஊத்துங்க. தண்ணிய மொதல்ல ரொப்பிட்டு பாட்டில எறக்குனா வழிஞ்சு மேசையெல்லாம் குளம் ஆயிடும்.

அந்தத் தண்ணி ஃப்ரிட்ஜ் தண்ணியா இருக்கணும், இத யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிராம் ஐஸ் கரையும்போது 80 கலோரி சூட்ட உறிஞ்சும். நம்ம குழாத் தண்ணி 30 டிகிரியில வருது, அதுல ஒன்றரை லிட்டர் ஊத்துனா அத மட்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வர 45,000 கலோரி, அதுக்கே அரைக் கிலோவுக்கு மேல ஐஸ் செலவு. பாட்டில 32லேர்ந்து 8 டிகிரிக்கு எறக்க கால் கிலோ ஐஸ்தான் ஆவும்! ஐஸ்ல பெரிய பங்க அந்தக் குழாத் தண்ணியே தின்னுடுது. நான் காலையிலயே ரெண்டு பாட்டில் தண்ணிய ஃப்ரிட்ஜ்ல போட்டு வச்சிடுவேன். ஒரு ஒயின் பாட்டிலுக்கு ஒன்றரையிலேர்ந்து ரெண்டு கிலோ ஐஸ், ரெண்டு மணி நேரம் மேசையில தாங்கணும்ல.

இப்படிப் போட்டா 20லேர்ந்து 30 நிமிஷத்துல வெள்ளை ஒயின் குடிக்கற பதத்துக்கு வந்துடும், அதே பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜ்ல மூணு மணி நேரம் ஆவும். நடுவுல ரெண்டு மூணு தடவ பாட்டில அப்படியே சுத்தி விடுங்க, இன்னும் சீக்கிரம் ஆவும். ஷாம்பெய்ன மட்டும் குலுக்காம மெதுவா சுத்துங்க.

அவசரம்னா உப்பு. குல்பி ஐஸ்காரர் பானையில ஐஸோட கல் உப்பக் கலந்து வச்சிருப்பாரே, அதே வித்தைதான், உப்பு சேந்தா ஐஸ் தண்ணி பூஜ்ஜியத்துக்குக் கீழ எறங்கும், உப்பு நல்லா கெட்டியா சேந்தா மைனஸ் 21 வரைக்கும்கூடப் போவும். நமக்கு அவ்ளோ வேணாம், வேதாரண்யம் கல் உப்பு ரெண்டு கை போதும், பக்கத்துலயே நின்னு பாத்துக்குங்க. அவசரம் முடிஞ்சதும் உப்புத் தண்ணிய ராத்திரி முழுக்க வாளியில வச்சுத் தூங்கிடாதீங்க, எவர்சில்வர்லயே குழி விழும், பித்தளை, அலுமினியம் சொல்லவே வேணாம். அந்த ஐஸ எவரும் தெரியாம கிளாஸ்ல போட்டு உப்புக் கரிச்சு துப்பறதும் நடந்திருக்கு.

எது எவ்ளோ குளுரணும்னு ஒரு அளவு இருக்கு. ஷாம்பெய்ன் மாதிரி நுரைக்கறது 6லேர்ந்து 8 டிகிரி, வெள்ளை ஒயின் லேசான ரகம்னா 8லேர்ந்து 10, கொஞ்சம் கனமான ரகம் 10லேர்ந்து 13, ரோஸேன்னு சொல்ற இளஞ்செவப்பு ஒயினும் ஏறக்குறைய 8லேர்ந்து 12. செவப்பு ஒயினுக்கு ரூம் டெம்பரேச்சர்னு எல்லாரும் சொல்லுவாங்க, அத நம்பித்தான் நெறைய பேர் கெடுத்துக்கறாங்க. அந்த ரூம் ஐரோப்பாவுல இருக்கற பழைய கல்லு வீட்டு ரூம், 15லேர்ந்து 18 டிகிரி. நம்ம ஊரு ஹால் சித்திரை மாசத்துல 34ல நிக்கும், அதுல வச்ச செவப்பு ஒயின் கஷாயம் மாதிரி சாராய நெடியோட ஏறும். செவப்பையும் ஒரு 10, 15 நிமிஷம் வாளியில வைங்க. அண்ணனே எனக்குச் சொன்னது இது, நான் மொதல்ல நம்பல, ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் காட்டுனாரு.

ஷாம்பெய்ன நல்லா குளுர வைக்காம தொறக்காதீங்க. உள்ள 5, 6 மடங்கு காத்தழுத்தம் இருக்கு, கார் டயரப் போல ரெண்டு மூணு மடங்கு. குளுந்த தண்ணியில கேஸ் கரைஞ்சு அமைதியா இருக்கும், சூடா இருந்தா வெளிய வரத் துடிக்கும், வெயில்ல கெடந்த கோலி சோடாவ ஒடச்சா முகத்துல அடிக்கற மாதிரி. மேல துண்டு போட்டு, கார்க்க புடிச்சுக்கிட்டு பாட்டில திருப்புங்க, வாய் யாரு பக்கமும் இருக்கக் கூடாது, ட்யூப்லைட் பக்கமும்தான். வாளியிலேர்ந்து எடுக்கும்போது ஒரு துண்டால பாட்டில அடி வரைக்கும் தொடச்சிட்டு ஊத்துங்க, இல்லாட்டி ஒயினுக்கு முன்னாடி ஐஸ் தண்ணி விருந்தாளி சட்டையில ஊத்தும்.

ஒரு விஷயம் இடையில சொல்லணும், காரைக்கால்ல வாங்குன பாட்டில எடுத்துக்கிட்டு நாகப்பட்டினம் பக்கமோ மயிலாடுதுறை பக்கமோ கெளம்பாதீங்க, இங்க பாண்டிச்சேரி சட்டம், எல்லை தாண்டுனா தமிழ்நாட்டுச் சட்டம், செக்போஸ்ட்ல நின்னு வெளக்கம் சொல்ற வேலை வேணாம்.

இனி நம்ம பக்கத்துப் பானத்துக்கு வர்றேன், வாளி உண்மையில உழைக்கறது இங்கதான். மோருல ஐஸ் போட்டா அஞ்சு நிமிஷத்துல தண்ணி மோர் ஆயிடும், பெருங்காயம் கறிவேப்பில வாசனையெல்லாம் நீத்துப் போவும். மோர ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில ஊத்தி மூடி, அந்தத் தூக்க ஒயின் வாளியில ஐஸ் தண்ணிக்குள்ள எறக்கி வச்சிடுங்க. நன்னாரிக்கும் ரோஸ்மில்க்குக்கும் இதே வழிதான். பதம் மாறாம கடைசி டம்ளர் வரைக்கும் சில்லுனு இருக்கும். அஞ்சு லிட்டர் வாளிக்கு ரெண்டு லிட்டர் தூக்கு கச்சிதமா உக்காருது, அதையும் கடையிலயே வச்சுப் பாத்துக்குங்க, நான் ரெண்டாவது மஞ்சப்பையில தூக்கையும் கொண்டு போனேன்னு சொன்னா நம்புவீங்களா.

சீமந்தம், காதுகுத்துன்னு அம்பது அறுபது பேர் வர்ற விசேஷம்னா வாளி பத்தாது, அதுக்குன்னு பெரிய டப் வாங்கிக் காசக் கரியாக்காதீங்க. வீட்ல பழைய பித்தளை அண்டாவோ தவலையோ இருக்கும், கல்யாணத்துக்கு அரிசி ஊற வச்சது, அத எறக்கித் தேச்சு வாசல்ல வைங்க. அடியில ஐஸ், அதுமேல சோடா, பொவண்டோ பாட்டில், அதுமேல திரும்ப ஐஸ், அப்பறம் தண்ணி. பாட்டில் மட்டும்தான் போவப் போவுதுங்கறதால ஈயம் பூசலைன்னாலும் கவலை இல்ல. ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோன்னு போட்டுக்குங்க, அக்னி நட்சத்திரத்துல இன்னும் கொஞ்சம் கூட. பெரிய கட்டி மெதுவா கரையும், ஒடச்ச ஐஸ் சீக்கிரம் குளுர வைக்கும், அதனால ரெண்டும் கலந்து போடுங்க. மீனுக்குப் போடற பாளம் ஐஸ் மலிவா கெடைக்குதேன்னு துறைமுகத்துப் பக்கம் போவாங்க, அது குடிக்கற ஐஸ் இல்ல. அண்டாவுல பாட்டில் முக்க எடுத்தாலும் பாட்டில் வாய நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான் தொறக்கணும், கிளாஸ் பக்கம் அது வரவே கூடாது. கிளாஸுக்கு வீட்ல கொதிக்க வச்ச தண்ணியில மொத நாளே ஐஸ் போட்டு, கவர்ல சேத்து வச்சுக்குங்க.

எல்லாம் முடிஞ்சதும் வாளிய நல்ல தண்ணியில அலசி, துண்டால உள்ள வெளிய தொடச்சு, கவுத்தாம நிமித்தியே காத்தாட விடுங்க. ஈரத்தோட பரண்ல கவுத்து வச்சா அடுத்த ஆனிக்கு எடுக்கும்போது உள்ள வட்டமா கறையும் ஒரு முடை நாத்தமும் இருக்கும். வேக்குவம் வாளிய ஊற வைக்காதீங்க, அடியில மூட்டுல தண்ணி எறங்குனா வர்றதுக்கு வழியே இல்ல.

இந்த வருஷம் அண்ணன் வந்தப்ப வாளிய மாடிக்குத் தூக்கிட்டுப் போயி வச்சேன். சாண் போட்டு அளந்து பாத்தாரு, சுத்திச் சுத்திப் பாத்தாரு, "நல்லாருக்குடா" அப்படின்னாரு. அப்பறம் அதுல இருந்த மோர் தூக்க எடுத்துக் குடிச்சாரு, ஷாம்பெய்ன் அன்னிக்கு தொறக்கவே இல்ல.